செல்வம் நட்ட வாழை

ஐப்பசி, புதன்கிழமை.

எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

செத்துப்போன என் மகன் செல்வம் அடையாறு வீட்டுக் கொல்லையில் நட்ட வாழை அது. நட்ட அன்று மழை. கை மண்ணோடே வந்து சோறு கேட்டான். ஆந்திராவில், நெல்லூரில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்கே போய்விட்ட மருமகள், அதில் ஒரு கன்று கேட்டாள். கூரியர் கடைக்காரன் அதைத் தொடவே இல்லை.

"வாழக்கன்னு ஸ்டேட் தாண்டக் கூடாது தாத்தா. நோயி பரவும்."

"எம்புள்ள வெச்ச மரத்துக்கு இன்னாடா நோயி?"

ஆத்திரத்தில் கன்றைத் தூக்கிக்கொண்டு வேளாண்மை ஆபீசுக்குப் போனேன். அதிகாரி காட்டிய பிறகுதான் பார்த்தேன். இலைகள் குட்டையாக, உச்சியில் கொத்தாக நின்றன. காம்பில் கரும்பச்சைக் கோடுகள்.

"முடிக்கொத்து நோய், பெரியவரே. குருத்துல மண்ணெண்ணெய் ஊத்தி, தாய் மரத்தோட எல்லாத்தையும் அழிச்சிடுங்க."

வீட்டுக்கு வந்து ஊற்றினேன்.

சாயங்காலம் மருமகள் கூப்பிட்டாள். "கன்னு அனுப்பிட்டீங்களா மாமா?"

"நோயி வந்த கன்னும்மா. அங்க வந்தா உங்கப்பா தோப்புல கீற வாழையெல்லாம் பூடும்."

"அதெல்லாம் உங்க புள்ள வெச்சது இல்லியே மாமா."

அதற்குப் பிறகும் நாங்கள் போனை வைக்கவில்லை.