மூன்றாவது சுத்தம்

கீழ்பென்னாத்தூர்
12.8.1979

அன்புள்ள கனகமாலா அக்காவுக்கு மருதேவி வணக்கம்.

இங்கே நலம். கடலைக்கு மழை போதவில்லை. முழங்காலுக்குத் தைலம் அனுப்பினேனே, தேய்த்தாயா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

என் வீட்டுக்காரர் போய் ஐந்து வருஷமாகிறது. நான் துறவு கொள்ள முடிவு செய்துவிட்டேன். துறவியர் சங்கத் தலைவி மாதாஜியும் சம்மதித்துவிட்டார்கள். தை மாதம் தீட்சை.

போகுமுன் ஒன்று கேட்கிறேன். பன்றிக்கு ஊசிமருந்து செய்ய முயலைக் கொல்கிறாய். அந்தப் பன்றியோ கடைசியில் கத்திக்குத்தான் போகிறது. நீ யாரைத்தான் காப்பாற்றினாய்? தண்ணீரைக்கூட வடிகட்டிக் குடிக்கிற சமண வீட்டில் பிறந்தவள் நீ. அந்த வேலையை விட்டுவிடேன்.

உன் தங்கை,
மருதேவி

திருவண்ணாமலை
2.9.1979

அன்புள்ள மருதேவிக்கு,

தைலம் தேய்த்தேன். வாசனை நன்றாக இருக்கிறது. வலி அப்படியே இருக்கிறது.

உன் முடிவுக்குக் குறுக்கே நான் நிற்கவில்லை. வினை, மறுபிறவி எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். இனி லீவுக்கு எங்கே போவது என்றுதான் யோசித்தேன்.

யாரைக் காப்பாற்றினாய் என்கிறாய். ஊருக்கு வெளியே பன்றி வளர்க்கிற மணியம்மாளை. போன வருஷம் காய்ச்சலில் அவளுடைய பன்றிகள் எல்லாம் செத்தன. மண்ணீரலைச் சோதித்து, இன்ன வைரஸ் என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்து என்ன? வந்தபின் மருந்து கிடையாது; வராமல் தடுக்கத்தான் முடியும். இந்த வருஷம் அவள் வாங்கிய புதுக் குட்டிகளுக்கு முன்னாலேயே ஊசி போட்டேன். "இன்னாம்மா, ஒண்ணுகூட சாவலையே. ஊசிதானா, மந்திரம் கிந்திரம் வெச்சியா?" என்றாள்.

அந்த ஊசிமருந்துக்கு வேண்டிய கிருமி முயலின் உடம்பில்தான் வளர்கிறது. கொல்லாமல் எடுக்க வழியில்லை. கண்ணாடிக் குடுவையில் வளர்க்க ஆறு வருஷமாகப் பாடுபடுகிறேன். அது பலித்த அன்றே முயல் கூண்டுகளைத் திறந்துவிடுவேன். அதுவரை விட முடியாது.

கனகமாலா

கீழ்பென்னாத்தூர்
10.1.1980

அன்புள்ள அக்கா,

குடுவை பலித்ததா? பலித்திருந்தால் நீயே எழுதியிருப்பாய்.

அடுத்த வாரம் தீட்சை. பிறகு கடிதம் கிடையாது. ஊர் ஊராக நடந்துபோவோம். உன் தெருவுக்கும் வருவேன். வாசலில் நின்று என்னை அழைத்து, "மனம் சுத்தம், வாக்கு சுத்தம், உடல் சுத்தம், உணவு சுத்தம்" என்று நான்கும் நீ சொன்னால்தான் நான் கையேந்த முடியும்.

இன்னொன்றும் உண்டு. காலையில் புறப்படும்போது இன்ன வீடு, இன்ன அடையாளம் என்று மனசில் ஒன்றை நினைத்துக்கொள்வோம். அது அமையாவிட்டால் அன்று பட்டினி. நினைத்ததை யாரிடமும் சொல்வதில்லை.

உன்னை எப்போதாவது நோகடித்திருந்தால் மன்னித்துவிடு.

மருதேவி
(இந்தப் பெயரில் இதுதான் கடைசி.)

திருவண்ணாமலை
23.3.1980

மருதேவிக்கு,

புதுப் பெயரை எழுதக் கை வரவில்லை. மாதாஜி பேருக்கு அனுப்பும் இதை உனக்குப் படித்துக் காட்டுவார்களா என்பதும் தெரியவில்லை.

குடுவை பலிக்கவில்லை. நீ வருவதற்கு முந்தின நாள்கூட ஆய்வுக்கூடத்தில் முயல் வேலைதான்.

நீ வந்த அன்று கிணற்றுத் தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சி, அம்மா செய்வதுபோலப் பயத்தம்பருப்பு போட்டுச் சமைத்திருந்தேன். வெள்ளைச் சேலையும் மயிற்பீலியுமாக வந்து நின்றாய். இளைத்திருந்தாய். மனம் சுத்தம் என்றேன். வாக்கு சுத்தம் என்றேன். மூன்றாவது, உடல் சுத்தம்; முயலைக் கொன்ற கையோடு அதைச் சொல்ல வாய் வரவில்லை. நம்பாதவளுக்கு அது வெறும் சொல்தான், சொல்லியிருக்கலாம். ஆனால் நம்புகிற உன் கையில் பொய் சொல்லிச் சோறு வைக்க முடியவில்லை. தலை குனிந்தபடி காத்திருந்தாய். பிறகு நடந்துவிட்டாய்.

எதிர்வீட்டுக் குசுமாவதி சாயங்காலம் வந்தாள். "எங்க வீட்ல நாலும் சொன்னோம். விருசபதாசன் வீட்லயும் சொன்னாங்க. நிக்கவே இல்ல. தண்ணிகூட குடிக்கலையாம். மனசுல எந்த வீட்ட நெனச்சிருந்தாங்களோ, யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும்.

சமைத்தது மூடியபடியே இருந்தது. நானும் சாப்பிடவில்லை. அதை விரதம் என்று நினைத்துக்கொள்ளாதே.

நேற்று ஐஸ் பெட்டியோடு கீழ்பென்னாத்தூருக்கு ஊசி போடப் போனேன். உன் வீடு பூட்டியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமிருந்தும் போக வீடில்லாமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி இந்தத் தெருவுக்கு வந்தால், மனசில் வேறு வீட்டை நினைத்துக்கொண்டு வா. பட்டினி கிடக்காதே.

அக்கா