கை உயர்த்திய பிள்ளை

அனுப்புநர்:
எம். எஃப். நளீபா,
இல. 11/2, கடற்கரை ஒழுங்கை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
இராணுவத்தின் ‘விழித்திரு’ சிறுவர் போதைத் தடுப்பு, வழிகாட்டல் திட்டம்,
கொழும்பு.

விடயம்: சனிக்கிழமை வகுப்பிலிருந்து என் மகள் ஷிஹாராவின் பெயர் நீக்கப்பட்டமை

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். இராணுவத்துக்கு மனு எழுதும் காலம் வருமென்று கனவிலும் நினைக்கவில்லை. எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

1. முதலில் நன்றி. பன்னிரண்டு வயதான ஷிஹாரா உங்கள் வகுப்பில் சேர்ந்த நாள்முதல் எங்கள் வீடு வீடாக இல்லை, முகாமாக இருக்கிறது. அதிகாலை சுபஹ் தொழுகைக்கு நான் தட்டி எழுப்பினாலும் எழும்பாதவள், இப்போது எனக்கு முந்தி எழுந்து விசில் ஊதுகிறாள். வாசலில் செருப்புகள் அணிவகுத்து நிற்கின்றன. கீழ்வீட்டு ராமையா அண்ணன் வெற்றிலையோடு புகையிலை மெல்லுவதைக் கண்டு, வாய்ப் புற்றுநோய்ப் படத்தை அவர் கதவிலேயே ஒட்டிவிட்டாள். பாவம், அந்த மனிதர் எங்கள் படியைக் கடக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு போகிறார். இவையெல்லாம் புகார் அல்ல ஐயா, தங்கள் தகவலுக்கு மட்டும்.

2. புகார் இதுதான். கடந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை நான்காம் பாடம் முடிந்ததும், வருகை தந்திருந்த பெரிய அதிகாரி ஒருவர் பிள்ளைகளிடம் சிங்களத்தில் பேசினாராம். உண்மை பேசுகிறவரே வீரர் என்றாராம். பிறகு, வீட்டில் போதைப்பொருள் பாவிப்பவர் யாரும் இருந்தால் பயப்படாமல் கை உயர்த்துங்கள் என்றாராம். மண்டபம் நிறைந்த பிள்ளைகளில் ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. அது என் வீட்டுக் கை. மற்ற வீடுகளைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். இந்த ஒழுங்கையில்தான் பிறந்து வளர்ந்தேன் என்பதை மட்டும் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன்.

3. “எங்கட ஊட்ல ஒராள் ஈந்தாரு. இப்ப உட்டுட்டாரு” என்று பிள்ளை எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். மொழிபெயர்த்த தம்பி முதற்பாதியை மட்டும் சிங்களத்துக்குக் கொண்டுபோனாராம். விட்டுவிட்டார் என்ற பிற்பாதி நடுவழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டது போலும். அடுத்த சனிக்கிழமை, குடும்பச் சூழல் பொருத்தமில்லை என்று வாசலிலேயே அவளைத் திருப்பி அனுப்பினார்கள். முக்காட்டுக்கு மேல் பெருமையாக மாட்டித் திரிந்த, வகுப்பில் கொடுத்த தொப்பியையும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தவள் செருப்பை மூலைக்கொன்றாக எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாய்விட்டு அழுதிருந்தால் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல் வந்திராது.

4. உள்ளதைச் சொன்னால், எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது அவள்மேல்தான். குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டாயே என்று ஏசினேன். “கேட்டாங்க, சொன்னேன். பொய் சொல்லவா உம்மா?” என்றாள். நான் இடியப்ப உரலை எடுத்து மாவைப் பிழியத் தொடங்கினேன். அவளுக்கு உண்மை பேசப் பழக்கியவர்கள் நீங்கள். பேசியதற்குத் தண்டித்தவர்களும் நீங்களே. வீட்டில் காய்ச்சல்காரர் இருக்கிறார் என்று சொன்னவரை எந்த ஆஸ்பத்திரியாவது வெளியே தள்ளிக் கதவைப் பூட்டுமா? பாஹிம் அந்தப் பழக்கத்தை விடாமலே இருந்தாலும், அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத்தானே ஐயா இந்த வகுப்பு?

பாஹிம் யார் என்று எழுத மறந்துவிட்டேன். பிள்ளை சொன்ன அந்த ‘ஒராள்’ அவன்தான், என் கூடப்பிறந்த தம்பி. ஓட்டோ ஓட்டி நன்றாகச் சம்பாதித்தவன். ஐஸ் என்ற அந்தப் போதைச் சனியனால் ஓட்டோவும் போய், கட்டினவளும் போய், புனர்வாழ்வு முடித்து இப்போது எங்களோடு இருக்கிறான்.

5. உங்கள் திட்டத்தில் பதியப்படாத மாணவன் ஒருவன் உண்டென்றால் அது அவன்தான். சனிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் மருமகள் ஷிஹாரா அவனை நிறுத்திவைத்து, காலை வகுப்பில் கோப்ரல் பிரியங்கர சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் நடத்துவாள். பின்னேரம் ரயில் பாதைக்கு அப்பால் கடற்கரையில் ஓடவிடுவாள். மூச்சு வாங்கி நின்றால், “மாமா, நிக்க வாணாம்!” என்று அதட்டல் வேறு. நான் சொல்லி, மௌலவி சொல்லி, டொக்டர் சொல்லிக் கேளாதவன் இந்தச் சுண்டைக்காய் சொன்னால் கேட்கிறான். கண்ணூறு பட்டுவிடுமோ என்று நான் பார்த்தும் பாராதவள்போல் இருந்துவிடுவேன்.

6. பழைய கூட்டாளி கூப்பிட்டால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் நான்காம் பாடம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு அந்தக் கூட்டாளிகள் மெய்யாகவே வந்து நின்றார்கள். பாஹிம் வாசலில் விறைத்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, பாடத்தில் உள்ளபடி “வேண்டாம், நன்றி!” என்று கத்தினான். ஒழுங்கை முழுவதும் கேட்டது. ராமையா அண்ணன் மெல்லுவதையே நிறுத்திவிட்டார். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “பொறகு வாறம் மச்சான்” என்று போனார்கள். நானும் சிரித்தேன். குசினிக்குள் போய்த்தான் அழுதேன்.

7. ஆகையால், ஷிஹாராவை வருகிற சனிக்கிழமையே திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி மன்றாடுகிறேன். விதிமுறை இடம் கொடாவிட்டால் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கவாவது விடுங்கள், அவள் சத்தம் போடமாட்டாள். வெள்ளிக்கிழமை தொடக்கம் பாஹிம் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறான்: அவர்கள் இரண்டாம் முறை வந்தால் என்ன சொல்ல வேண்டும்? அது ஐந்தாம் பாடத்தில் வரும் மாமா, நான் இன்னும் படிக்கவில்லை என்கிறாள்.

அவர்கள் வருவார்கள் ஐயா. உங்கள் பதில் அவர்களுக்கு முந்தி வரட்டும்.

தங்கள் கருணையை நம்பியிருக்கும்,
(ஒப்பம்) எம். எஃப். நளீபா

இடம்: வெள்ளவத்தை
திகதி: 14.10.2025