கண் சொட்டும் உன் மூச்சும்

அன்புத் தம்பிக்கு,

இன்று ஆராதனை முடிந்து காபி மேசையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், மருந்துக்கடை ரங்ஹில்ட், உன் தீவுக்குப் படகு ஓட்டும் ஆன்ஃபின்.

"உங்க தம்பிக்குக் கண்ணுல அழுத்தம்னு டவுன் டாக்டர் சொட்டு மருந்து குடுத்தாராம். அதுலேர்ந்து மூணு படி ஏறினா கிழட்டு நாய் மாதிரி இரைக்கிறான்" என்று ஆன்ஃபின் சிரித்தான்.

ரங்ஹில்ட் சிரிக்கவில்லை. "இன்ஹேலர் அடிக்கிறத அந்த டாக்டர்கிட்ட சொன்னாராக்கா?"

சொல்லியிருக்க மாட்டாய். நம் வீட்டில் விழுங்குவது மட்டும்தான் மருந்து.

"சில கண் சொட்டு ரத்தத்துல கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும். இன்ஹேலர் திறக்கப் பார்க்கும், சொட்டு மூடும். ஆஸ்துமாக்காரங்களுக்கு ஆபத்துக்கா."

உடனே போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். நான் அப்பாவின் வீட்டை விற்ற கோபம் உன்னிடமே இருக்கட்டும். அடுத்த சொட்டு விடுவதற்கு முன் டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு இரண்டு மருந்தையும் சொல். வேறு சொட்டு இருக்கிறதாம். இன்ஹேலரை நிறுத்தாதே. மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

ஜெபித்தேன். ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்கக் கர்த்தர் சொல்லவில்லை.

இதை ஆன்ஃபின் கொண்டுவருகிறான். நீ டாக்டரிடம் பேசும்வரை வாசலைவிட்டு நகரமாட்டான். என்னோடு பேச வேண்டாம். டாக்டர் சொன்னதை மட்டும் அவனிடம் எழுதிக் கொடு, சீக்கிரம்.

உன் அக்கா