அப்பா பாதியில் விட்ட ஆட்டம்

மார்ச் 3

நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமில்லை. சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா நடு அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சதுரங்கப் பலகையைத் தொடாமல், சுற்றிச் சுற்றித் துடைக்கிறாள். அப்பாவும் அவருடைய நண்பர் வக்கீலும் ஆடிய கடைசி ஆட்டம் அப்படியே நிற்கிறது. அப்பா இறந்துபோன பிறகு ஒரு சிப்பாய்கூட அசையவில்லை.

வக்கீல் என்பது பட்டப்பெயர்தான். மனிதர் சலூன் வைத்திருக்கிறார். கத்தரியும் கையுமாக நின்று, கடவுளே இல்லை என்று வாதாடுவதால் அப்பா வைத்த பெயர்.

மார்ச் 5

விடிகிற நேரத்தில் அப்பா தொண்டையைச் செருமினார். எழுந்துபோய்ப் பார்த்தேன். குழாயில் காற்று அடைத்த சத்தம். குழாய்தானே?

மார்ச் 9

தெருவில் ஆம்புலன்ஸ் போனது. காய் நறுக்கிக்கொண்டிருந்த என் கை தானாக நின்றது.

ஓய்வு பெறும்வரை அப்பா ஓட்டியது அந்த வண்டிதான். அதன் பிறகும் சைரன் கேட்டால், ஆட்டத்தின் நடுவில் இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வார். "உள்ள யாரோ ஒரு வீட்டு ஆளு இருக்காங்கம்மா" என்பார். வக்கீலுக்குப் பொறுக்காது. "உன் சாமி அங்க போயிட்டு வரட்டும், நீ குதிரைய நகர்த்து!" அந்த வக்கீலுக்காகவும் அப்பா தினமும் வேண்டிக்கொள்வார். ஒளிவுமறைவு கிடையாது, அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்.

கடைசியில் அதே மாதிரி வண்டியில் தானே படுத்துக்கொண்டு போனபோது, மூச்சு வாங்க என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "ஓட்டுற பையன் பதறுறான். அவனுக்காக வேண்டிக்கோ."

தனக்காக ஒரு வார்த்தை — இல்லை.

மார்ச் 14

வக்கீல் வந்தார். நேராகப் போய்ப் பலகையின் முன் உட்கார்ந்தார். அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"அண்ணா, தொட்றாதீங்க."

"தொடலம்மா. என் முறைதான். ஆனா நான் நகர்த்திட்டா அவன் பதிலுக்கு ஆடணுமே... யாரு ஆடுவா?"

எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளே போனது போல இருந்தது. வக்கீல் காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

மார்ச் 15

அப்பா பிரார்த்தனை செய்யும் சின்ன அறையை அம்மா பூட்டியே வைத்திருக்கிறாள். திறக்கட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? அவரு வாழ்நாள் பூரா ஊராருக்காகச் சாமியக் கூப்பிட்டாரு. அவருக்காக நான் ஒரே ஒரு தடவ கூப்பிட்டேன். கேட்டுச்சா?"

எனக்கும் அதே கோபம்தானே.

மார்ச் 22

தம்பி போனில் கூப்பிட்டான். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா தன்னோடு வந்து இருக்கட்டும் என்கிறான். போனை வாங்கி அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "நான் வந்துட்டா, அப்பா வந்தா யாருடா கதவத் திறப்பா?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று தம்பி வைத்துவிட்டான்.

எனக்குப் பயம் வந்தது. அம்மாவை நினைத்தா, என்னை நினைத்தா? அவள் சொன்ன அந்தக் கணத்தில் நானும் வாசலைத்தானே பார்த்தேன்.

மார்ச் 30

வக்கீல் சலூனிலேயே மயங்கி விழுந்துவிட்டார். இதயத்தில் அடைப்பாம். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். அப்பா போன பிறகு முதல் முறையாக வாசற்படி தாண்டுகிறாள்.

ஏப்ரல் 1

ஆஸ்பத்திரியில் வக்கீல் சிறுத்துப் போய்க் கிடந்தார். நாளை ஆபரேஷன். அம்மாவின் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா, உனக்கே தெரியும். ஆனா தினம் எனக்காக ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருந்தான். இப்ப யாரும் கேக்கலன்னு நெனச்சா... பயமா இருக்கு."

அம்மா போர்வையை இழுத்துவிட்டாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 2

காலையில் சின்ன அறையில் பேச்சுக்குரல். எழுந்து ஓடினேன். அப்பா இல்லை, அம்மா. கூப்பிய கையெல்லாம் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறாள்.

"அவர எடுத்துக்கிட்ட. சரி. இந்த மனுசனையாவது விட்டு வை. உன்ன எதுத்துப் பேசவும் ஒரு ஆளு வேணாமா?"

சத்தம் காட்டாமல் திரும்பி வந்தேன். அழுதேன். சிரிக்கவும் செய்தேன்.

ஏப்ரல் 4

வக்கீல் கண் விழித்துவிட்டார். ஆபத்து இல்லையாம். அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பிய ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. அப்பா சட்டையெல்லாம் அலமாரியில இருந்து எடுக்கணும். எனக்கு ஒண்டியா முடியாது."