ஜெசிந்தா, நீ எனக்கு வாசிக்காமல் விட்ட பக்கங்கள்

என் கள்ளி ஜெசிந்தாவுக்கு,

கடிதம் எழுதுவது யார் என்று பார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகு காட்டிய உன் பிலோமினாதான். எழுத்தெல்லாம் நண்டு நடந்த மாதிரிக் கிடக்கும். சிரித்துவிட்டு வாசி. சிரிக்கிற விஷயம் இதோடு சரி.

உன் மகள் என்னோடு கதைத்து நாலு நாள் ஆகிறது.

நாங்கள் விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்துவிட்டோம். என் வளவுக் காணியில் கல்வீடு ஒன்று கட்டித் தந்திருக்கிறார்கள். பின்கதவு மட்டும் இன்னும் வரவில்லை; ஊர் ஆடெல்லாம் என் குசினி அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் போகின்றன. நீ போகும்போது மூன்று வயதாக இருந்த மெரீனாவுக்கு இப்போது ஒன்பது. கோபம் வந்தால் உன்னைப் போலவே மூக்கைச் சுருக்குகிறாள். இந்த நாலு நாளும் அந்த மூக்கு நிமிரவே இல்லை.

உன்னுடைய ஆறு கதைப் புத்தகங்களும் என்னிடம்தான் இருக்கின்றன. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஐந்து சிநேகிதிகளின் கதைகள், மறந்திருக்க மாட்டாய். வன்னிச் சண்டையில் செல் குண்டு விழுகிற நேரத்தில் அரிசியை விட்டுவிட்டுக் கதைப் புத்தகம் தூக்கி வந்தவள் நீ ஒருத்திதானடி. பிள்ளையின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை அதே பையில் போட்டு வைத்திருந்தாய். பத்திரத்துக்காகப் பையைத் தூக்கினேன், புத்தகங்களும் தப்பின.

எங்களுக்குப் பன்னிரண்டு வயது. என் அம்மா பிள்ளைப்பேற்றில் செத்துப்போன வருடம். தம்பியை ஏணையில் போட்டு நான் ஆட்ட, பள்ளிக்கூடம் விட்டு நீ வந்து பக்கத்தில் இருந்து வாசிப்பாய். அதைக் கண்டுவிட்டுக் கருவாடு காயப்போடப் போகிற பெண்களும் தங்கள் குஞ்சுகளை எங்களிடம் விடத் தொடங்கினார்கள். ஒரு ஏணை ஐந்தானது. நீ வாசிப்பாய், நான் அந்த ஐந்து பேரைப் போலவும் நடந்து காட்டுவேன். பிள்ளைகள் மூத்திரம் போகும்வரை சிரிப்பார்கள்.

அந்த ஐவரில் ஒருத்தி வாயே திறக்க மாட்டாளே, ஞாபகமா? "ஏனடி இவள் ஒண்டும் கதைக்கிறாள் இல்லை?" என்று கேட்டேன்.

"அவளுக்குப் பல்லுக்கொதி" என்றாய்.

நானும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அவளைப் போல நடந்து காட்டுவேன். நீ ஏன் அதற்கு மட்டும் சிரிக்கவில்லை என்று அன்றைக்கு யோசிக்கத் தெரியவில்லை.

அது இருக்கட்டும். என் பாவத்தைச் சொல்கிறேன்.

கஞ்சி வாங்கி வருகிறேன் என்று பிள்ளையை என் மடியில் விட்டுப் போனாய். கஞ்சி கொடுத்த இடத்திலேயே செல் விழுந்தது. உன்னைக் கடற்கரை மணலில் வைத்து மூடினோம். பிள்ளையை நான் அங்கே கூட்டிப் போகவில்லை. அகதி முகாமுக்கு வந்த பிறகு அவள் அம்மா, அம்மா என்று அழுது வாய் திறந்து ஒரு வாய் சோறு வாங்கவில்லை. "அம்மா படகேறி இந்தியாவுக்குப் போயிட்டா, அங்க முகாமில இருக்கிறா, நீ சாப்பிட்டாத்தான் வருவா" என்றேன். சாப்பிட்டாள். அடுத்த நாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாளும். பிறகு எப்படியடி நிறுத்துவது?

ஒவ்வொரு பின்னேரமும் உன் புத்தகங்களை அவளுக்கு "வாசித்தேன்". எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பிள்ளை நித்திரையாகிவிடும். அதனால் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் கதைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கடைசியில் அம்மா வருவாள்.

போன கிழமை அவளே ஒரு புத்தகத்தை எடுத்து இருந்து வாசித்திருக்கிறாள். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"சின்னம்மா, நீங்கள் வாசிக்கிறது ஒண்டும் இதில இல்லையே."

"பழைய புத்தகம் பிள்ளை, எழுத்தெல்லாம் இடம் மாறி ஓடியிருக்கும். பூனை கீனை துரத்தியிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை.

"அப்ப அம்மா இந்தியாவில எண்டதும் நீங்கள் கட்டின கதையோ?"

ஜெசி, என் கையில் அரைவாசி வெட்டிய மீன். "உப்பு முடிஞ்சுது, கடை பூட்டப் போறாங்கள்" என்று எழும்பி ஓடினேன். உப்புப் போத்தல் அவளுக்கு முன்னால் நிறைந்து கிடந்தது.

அன்றிலிருந்து என் கையால் சாப்பிடுகிறாள் இல்லை. பக்கத்து வீட்டு ரெஜினா அக்காவிடம் போய்ச் சாப்பிடுகிறாள். இந்தியாவில் இருந்து திரும்பி வந்த சனத்திடம் எல்லாம், "அங்க ஜெசிந்தா எண்டு ஒராளைக் கண்டனீங்களோ?" என்று கேட்டுத் திரிந்தாளாம். ரெஜினா அக்கா வந்து சொன்னா. "சொல்லிப்போடு பிலோமினா, வேற யாரும் சொல்ல முந்தி" என்றா. சொன்னால் அவள் என்னை விட்டுப் போய்விடுவாள். சொல்லாவிட்டாலும் போய்விட்டாள்தானே.

அவள் பள்ளிக்கூடம் போன நேரங்களில் உன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு குந்தினேன். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக. இரண்டாம் புத்தகத்தின் பாதியைத் தாண்ட மூன்று நாள் பிடித்தது. அங்கேதான் கண்டேன். அந்த வாய் திறக்காதவளுக்குத் தாய் இல்லை. ஏழு பக்கம் அவள் அழுகிறாள். மற்ற நாலு பேரும் ஒன்றும் சொல்லாமல் அவளோடு இருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

பல்லுக்கொதியாமே! நீயும் என்னைப் போல ஒரு புளுகிதானோ? எனக்காகத்தான் அந்த ஏழு பக்கத்தையும் தாண்டிப் போனாய், தெரிகிறது. அந்த அன்புக்கு உன்னைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருக்கிறது, கன்னக் குமட்டில் ஒரு குத்து விட வேண்டும் போலவும் இருக்கிறது. நான் என் அம்மாவுக்கு அழவே இல்லையடி. பகிடி விட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தேன். நாற்பத்தேழு வயது வரைக்கும் பகிடியே விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பக்கங்களை வாசிக்கும்போதுதான், அடுப்படியில் குந்தியிருந்து, "அம்மா" என்று வாய் விட்டு அழுதேன். எட்டிப் பார்த்த ஆடுகூடப் பயந்து போய்விட்டது.

உன் பிள்ளையும் என்னைப் போல ஆகவேண்டுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஊர் முழுக்கத் தங்கள் செத்தவர்களின் பெயரைப் பூசைக்குக் கொடுக்கும்போது, நான் உன் பெயரைக் கொடுத்ததில்லை. பங்குச் சுவாமியார் பீடத்தில் நின்று வாசித்தால் பிள்ளைக்குக் கேட்டுவிடுமே என்று. இத்தனை வருடமும் உனக்கு ஒரு மெழுகுதிரி இல்லை. உன் மகளிடம் பொய் சொல்லி உன்னிடமும் களவெடுத்திருக்கிறேன்.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொல்வேன். பகிடி விடமாட்டேன், உப்புக்கு ஓடமாட்டேன். எங்கே, எப்படி, நீ என்ன சேலை உடுத்திருந்தாய், யார் மணல் அள்ளிப் போட்டது என்று எதைக் கேட்டாலும் கண்டதைச் சொல்வேன். அடித்தால் வாங்குவேன். ரெஜினா அக்கா வீட்டுக்கே போகிறேன் என்றால் உடுப்பை மடித்துக் கொடுத்துவிட்டு, வாசலில் இருப்பேன். அழுதால் பக்கத்தில் வாய் மூடி இருக்கப் பழகுவேன்; அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வருகிற ஆத்துமாக்கள் திருநாளுக்கு, அவள் சம்மதித்தால், உன் பெயரை அவள் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொல்வேன். அவளுடைய எழுத்து அழகானது.

பள்ளிக்கூட மணி அடிக்கிறது ஜெசி. பேனையை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன்.

உன்னோடு கூடப் பிறக்காதவள், அவள் இனியும் அப்படிக் கூப்பிட்டால் மெரீனாவின் சின்னம்மா,
பிலோமினா