டாஸ்மேனியா கடிதத்தில் ஓர் அடிலெய்ட்

என் கடைக்குட்டி ஜுனுவுக்கு,

தான்சேனிலிருந்து அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம், எருமையும் நலம், ஆறு மாதச் சினை. சிட்னியில் நீயும் நலமாக இருக்க வேண்டும். இதை நானேதான் எழுதுகிறேன், யாரும் கையைப் பிடிக்கவில்லை. இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது, அம்மா சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

நீ விளையாட்டாகப் போனில் அனுப்பிய இரண்டு கடிதங்களையும் கடையில் அச்செடுத்து எங்கள் முதியோர் எழுத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். ரமிதா மிஸ் நம் நேபாளி மொழியில் சொன்னார். ஒன்று டாஸ்மேனியா அரசுக்கு, ஒன்று அடிலெய்ட் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா அரசுக்கு. இரண்டில் ஓர் அரசாவது பரிந்துரைத்தால்தான் நீ அங்கே தங்க முடியும், இல்லையென்றால் தசைன் பண்டிகைக்கு அடுத்த மாதமே மூட்டை கட்ட வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே டாஸ்மேனியாதான் உன் கனவாம். அடுத்த தாளில் சின்ன வயதிலிருந்தே தெற்கு ஆஸ்திரேலியாதான் கனவாம். சின்ன வயதில் நீ கனவு கண்டது புட்வல் பஜார் ஜிலேபியைத்தான், எனக்குத் தெரியாதா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த தில்குமாரி, "ஒரே வாரத்துல ரெண்டு மாப்பிள்ளைக்கு சரின்னு சொல்லிருக்கா, உம் பொண்ணு கில்லாடிதான்யா" என்றாள். வகுப்பே சிரித்தது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இருபத்தாறு எழுத்து மட்டும் தெரியும். வீட்டுக்கு வந்து இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். ஒரே கடிதம்தான், ஊர்ப் பெயர் மட்டும் வேறு. மூன்றாவது பத்தியில் அதுவும் வேறு இல்லை. டாஸ்மேனியாவுக்குப் போகிற தாளில் அடிலெய்ட் என்று நிற்கிறது! பொண்ணு பார்க்க வந்தவனிடம் வேறொருவன் பெயரைச் சொன்ன மாதிரி.

மறுநாளே பஸ் ஏறி, நம்ம ஊர் ஆள் என்று நம்பி நீ இந்தக் கடிதங்களை எழுதக் கொடுத்த ஏஜெண்ட் கேசவ்ராஜிடம் போனேன். சுவர் முழுக்க மாலையும் நெற்றியில் டீக்காவுமாக விமானம் ஏறியவர்களின் படம், மேசை முழுக்க அவர் படிக்காத காகிதம். "பெரியவரே, இதெல்லாம் யாரு படிக்கப் போறா" என்றார். நான் படித்தேனே என்றேன். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்றார். அடிலெய்ட் என்ற வார்த்தை மேல் விரலை வைத்தேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், "தண்ணி குடிக்கிறீங்களா பெரியவரே" என்றார். ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதாக இருந்தாராம். டாஸ்மேனியா எதற்கு என்று கேட்டால், "அங்க யாரும் போக மாட்டாங்க, சீக்கிரம் கிடைக்கும்" என்கிறார். அவருடைய மகன் மட்டும் சிட்னியை விட்டு நகரமாட்டானாம். பெரிய வழிகாட்டி!

நீ அந்த ஆளிடம் இனி எதையும் கொடுக்காதே. ஓர் ஊரைத் தேர்ந்தெடு. ஹோபார்ட் முதியோர் இல்லத்துத் தலைமை நர்ஸ் உன்னோடு ஒரு மணி நேரம் பேசி எப்போது வேலைக்கு வருவாய் என்று கேட்டாள் என்றாயே, டாஸ்மேனியாவில் உன்னைக் கேட்ட ஓர் ஆள் இருக்கிறாள். அடிலெய்டில் உன்னை யார் கேட்டது? கனவெல்லாம் எழுதாதே. "உங்கள் ஊரை நான் பார்த்ததில்லை, என் அப்பா கால் உடைந்து கிடந்த நான்கு மாதமும் அவரைத் தூக்கி உட்காரவைத்தவள் நான், உங்கள் கிழவர்களையும் அப்படித்தான் பார்த்துக்கொள்வேன்" என்று எழுது. அது பொய் என்று எந்த அரசாங்கமும் சொல்ல முடியாது. டாஸ்மேனியா ஒரு தீவு என்று அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

தசைனுக்கு நீ இல்லாவிட்டாலும் உன் பங்கு டீக்காவும் ஆசியும் உனக்குத்தான். நீ நினைத்த இடத்தில் காலூன்றி நில், மகளே. அனுப்பும் முன் ஒவ்வொரு எழுத்திலும் விரல் வைத்துப் படி. வெட்கப்படாதே, நான் அப்படித்தான் படிக்கிறேன்.

உன் அப்பா,
ஹோம்பகதூர் ஆலே
(கையெழுத்து. கைநாட்டு இல்லை.)