ஒரே டப்பாவில்

அன்புள்ள அம்மா,

நீங்கள் இருவரும் கடற்கரையை விட்டு நகரத்து ஓட்டலுக்குப் போய்ச் சேரும்போது இந்தக் கடிதம் அங்கே காத்திருக்கும்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். புத்தகத்தில்தான் பக்கம் நகர மாட்டேன் என்கிறது. ஜன்னலுக்கும் போனுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். சித்தி, "உங்கம்மா தேனிலவுக்குப் போயிருக்கா, போருக்கு இல்லடி. ஒரு இடத்துல உக்காரு" என்றாள்.

நீ அனுப்பிய படத்தில் கடலைவிட உன் சிரிப்பைத்தான் அதிக நேரம் பார்த்தேன். அவர் எடுத்ததுதானே? உங்கள் கல்யாணம் முடிந்தும், அவரை எப்படிக் கூப்பிடுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

"கடை கடையா ஏறப் போறோம், உனக்கு என்னடி வேணும்?" என்று நேற்று கேட்டாய். அதற்குப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வெளியூர் போகும்போதெல்லாம் நம் இருவரின் பல் பிரஷையும் ஒரே டப்பாவில் போடுவாயே, இந்த முறையும் பழக்க தோஷத்தில் என்னுடையதையும் எடுத்துப் போய்விட்டாய். அதைக் கண்டுபிடித்த அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எனக்கு எதுவும் வாங்க வேண்டாம். அந்தப் பிரஷை எடுத்து வெளியே வைத்துவிடாதே. கொஞ்சம் தள்ளி வைத்தால் அவருடையதற்கும் அதில் இடம் இருக்கும்.

இப்படிக்கு,
உன் புத்தகப் புழு